மிதித்துப் பார்க்கும் வரைபடம்: டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகமும் அதைச் சேர்த்த மக்களும்

பருத்தித் துணியில் மார்க்கர் பேனாவால் எழுதிய எழுத்து நாளடைவில் வெளிறிப்போகும். அதற்கு வழக்கமான அருங்காட்சியக மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெளிச்சத்தைக் குறைப்பது, கை படாமல் கண்ணாடிக்குள் வைப்பது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலுள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் வேறு வழி கண்டது. அங்கே வரும் பழைய குடிவாசிகள் நீளமான வெள்ளைத் துணியில் தங்கள் பெயரையும், குடியிருந்த தெருவையும், சொல்லத் தோன்றிய ஓரிரு வரிகளையும் எழுதிவிட்டுப் போகிறார்கள். பிறகு அந்தக் கையெழுத்தின் மேலேயே ஊசி நூல் ஓடுகிறது. எழுத்தின் வளைவும் கோணலும் மாறாமல் தன்னார்வலர்கள் தைக்கிறார்கள். ஒரு துணி நிரம்பினால் அடுத்தது சேர்கிறது. மொத்த நீளம் 1 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

இந்தத் துணியை ஒரு சேகரிப்புப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது? செய்தவர் யார் என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கான பெயர்கள் வர வேண்டும். செய்த ஆண்டு என்றால், இன்னும் முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும். கொடுத்தவர் யார் என்று கேட்டால், வெறும் துணியை அருங்காட்சியகமே வாங்கி விரித்தது. இங்கே பாதுகாப்பும் ஒரு கூட்டு வேலை. பல மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே தைத்த தையல்தான் மையைக் காப்பாற்றியிருக்கிறது.

சிறிய உள்ளூர் அருங்காட்சியகங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் ‘சேகரிப்பு’ ஒரு தலைப்பிலும் ‘சமூக நிகழ்ச்சிகள்’ வேறொரு தலைப்பிலும் இருக்கும். முதலாவதுதான் அருங்காட்சியகம், இரண்டாவது அதன் உபகாரம் என்பது எழுதப்படாத முறை. பொருள் முதலில் வந்தது, மக்களை அதைப் பார்க்கப் பிறகு அழைத்தோம் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் நடந்தது தலைகீழ். அங்கே கூட்டம் கூடியது முதலில். கூடிய கூட்டத்தால்தான் சேகரிப்பு உண்டாயிற்று. அந்த ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், வேறு எப்படியும் அது தொடங்கியிருக்க முடியாது என்பது விளங்கும்.

1867இல் கேப் டவுன் நகராட்சி தன் எல்லையை வட்டங்களாகப் பிரித்தபோது ஆறாவதாக எண்ணிடப்பட்ட பகுதி இது. டேபிள் மலையின் அடிவாரச் சரிவில், துறைமுகத்துக்கும் கடைவீதிக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள், துறைமுகத் தொழிலாளிகள், தையற்காரர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், இந்தியக் கடைக்காரர்கள், கோசா மொழி பேசும் ஆப்பிரிக்கர்கள் என்று பலரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்தார்கள். ஹனோவர் தெரு முதுகெலும்பு. அதில் பொது வெளுப்பகம், மீன் சந்தை, ‘பயாஸ்கோப்’ என்றே இன்றும் கிழவர்கள் சொல்லும் சினிமாக் கொட்டகைகள்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு, பெரும்பாலும் பேசப்படாதது. 1652க்கும் 1808க்கும் இடையே ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாகக் கேப் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள்: வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. பதிவேடுகளில் அவர்களுக்கு இட்ட பெயரின் பின்னால் ‘வான் கோரமண்டல்’ என்று ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் அங்கே இல்லை. 1838இல் அடிமைமுறை முழுதாக முடிந்தபோது விடுதலையானவர்கள் நகரின் விளிம்புகளில் குடியேறினார்கள்; பிற்பாடு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் ஆன சரிவும் அவற்றில் ஒன்று. நேர் வாரிசுகளை இன்று அடையாளம் காட்டுவது எளிதல்ல. ஆனாலும் தன் பெயரைத் தானே எழுதுவது அந்த மக்களுக்கு ஏன் அத்தனை முக்கியமாக இருக்கிறது என்பதற்கு இந்தப் பதிவேடுகளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வெளியேற்றம் நிறவெறி அரசோடு தொடங்கவில்லை. 1901இல் பிளேக் வந்தபோது, நோயைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கர்களை நகரிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். பின்னாளில் இந்தபேனி என்று பெயர் பெற்ற ஒதுக்கிடத்துக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். பிறகு 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. யார் எந்தத் தெருவில் வசிக்கலாம் என்பதைத் தோல் நிறம் முடிவுசெய்தது. இதே சட்டம்தான் டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களையும் பல தலைமுறை வாழ்ந்த வீடுகளிலிருந்து கிளப்பியது. 1966 பிப்ரவரி 11 அன்று டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. சேரி, குற்றம், கலப்பு வாழ்க்கை ஆகியவை அரசு சொன்ன காரணங்கள். மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்று சொல்ல அதிக ஆராய்ச்சி தேவையில்லை.

1968 முதல் புல்டோசர்கள் வேலை செய்தன. 1982க்குள் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். நகரிலிருந்து தொலைவில், காற்றில் மணல் பறக்கும் கேப் ஃபிளாட்ஸ் சமவெளியில் ஹனோவர் பார்க், லாவெண்டர் ஹில், மேனன்பர்க், மிட்செல்ஸ் பிளெய்ன் போன்ற குடியிருப்புகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். அண்டைவீட்டார் ஒரே இடத்துக்குப் போகவில்லை. ஒரு தெருவின் குடும்பங்கள் பத்துத் திசைகளில் சிதறின. இடித்த பகுதியில் மசூதிகளையும் தேவாலயங்களையும் சில பள்ளிகளையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தப் பகுதிக்கே ‘சோனபிளூம்’ என்று பெயரை மாற்றினார்கள். ஒரு பாகத்தில் வெள்ளையர்களுக்கான தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. மீதி நிலம் புல் முளைத்துக் கிடந்தது; பெரிய நிறுவனங்களோ தனியாரோ துணிந்து வாங்க வரவில்லை. குடிமக்கள் குழுக்கள் விடாமல் எதிர்த்ததால், அவமானம் ஒட்டிய அந்த மனையில் கட்டடம் எழுப்பக் கட்டுமானக்காரர்கள் தயங்கினார்கள். அதை உப்புத் தூவிய மண் என்று போராட்டக்காரர்கள் அறிவித்தார்கள். நகரின் நடு மார்பில் அந்த வெற்றிடம் இன்றும் பெருமளவு அப்படியே கிடக்கிறது.

1980களின் பிற்பகுதியில் அந்த நிலத்தில் கட்டடம் கட்டப் புதிய திட்டங்கள் பேச்சுக்கு வந்தபோது, ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸைத் தொடாதே’ என்ற இயக்கம் பிறந்தது. அதன் கூட்டங்களில் ஒரு நினைவு அருங்காட்சியகம் வேண்டும் என்ற யோசனை எழுந்து, 1989இல் ஓர் அறக்கட்டளை ஆனது. அப்போது அதனிடம் ஒரு பொருளும் இல்லை. கட்டடமும் இல்லை. மாலை நேரங்களில் யாராவது ஒருவர் இடத்தில் கூடிப் பேசுவதும் பழைய புகைப்படங்களைத் தேடுவதும் சிறு கண்காட்சிகள் வைப்பதும்தான் வேலை.

இடம் கிடைத்தது பைட்டன்கன்ட் தெருவிலிருந்த மெதடிஸ்ட் தேவாலயத்தில். திருச்சபையின் மக்கள் எல்லாரும் கேப் ஃபிளாட்ஸுக்குத் துரத்தப்பட்டதால் பெஞ்சுகள் காலியாகிவிட்ட தேவாலயம் அது. அருகிலேயே காவல் தலைமையகம். போராட்ட காலத்தில் தேடப்பட்ட இளைஞர்களுக்கு அடைக்கலம் தந்த கட்டடம் என்ற பெயரும் அதற்கு உண்டு. 1994 டிசம்பர் 10 அன்று அங்கே ‘தெருக்கள்’ என்ற கண்காட்சி தொடங்கியது. இரண்டு வாரம் நடத்திவிட்டு மூடுவதாகத்தான் ஏற்பாடு. வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய படத்தை, சமையல் பாத்திரத்தை, பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மறுபடி வந்ததால் மூட முடியவில்லை.

அந்தக் காட்சியின் மையம் தெருப் பெயர்ப்பலகைகள். நீல வெள்ளை எனாமல் தகடுகள். இடிப்பு வேலையை மேற்பார்வையிட்ட ஒருவர், இடிபாடுகளோடு சேர்த்துக் கடலில் கொட்ட வேண்டிய அந்தப் பலகைகளை எடுத்துத் தன் வீட்டில் வைத்திருந்தார். எழுபதுக்கு மேல் இருந்தன. அழித்தவர் கையிலிருந்தே முதல் சேகரிப்பு வந்தது என்பதைக் கதைக்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள். அதில் மன்னிப்பும் சமரசமும் எளிதாகப் பொருந்திவிடுகிறது. எனக்கு அந்தப் பகுதி அவ்வளவு சுவாரசியமாகப் படவில்லை. பலகைகள் ஏணிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட பிறகு மக்கள் அவற்றை என்ன செய்தார்கள் என்பதே முக்கியம். தங்கள் தெருப் பெயரை அண்ணாந்து வாசித்துவிட்டுக் கீழே குனிந்தார்கள். தரையில்தான் வரைபடம் இருந்தது.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் தெருக்களைப் பெரிதாகக் கையால் தீட்டித் தரை முழுக்க விரித்து, மேலே தெளிந்த பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். பழைய குடிவாசிகளிடம் பேனாவைக் கொடுத்தார்கள். அவரவர் வீடு இருந்த இடத்தில் குடும்பப் பெயரை எழுதினார்கள். பிறகு மளிகைக் கடை, சலூன், மசூதி மதரஸா, பந்து விளையாடிய சந்து. ஒரே மனையில் இரண்டு குடும்பத்தின் பெயர் விழும். ஒருவர் 1940களில் இருந்தவர், மற்றவர் 1960களில் குடிவந்தவர், அல்லது இரு குடும்பமும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். நில அளவைத் துறையின் வரைபடத்தில் மனை எண்ணும் உரிமையாளர் பெயரும் மட்டும் இருக்கும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பெரும்பாலானோர் வாடகைக்காரர்கள். உரிமையாளர்கள் பலர் வேறெங்கோ இருந்தவர்கள். ஆகவே அரசின் ஆவணத்தில் அந்த ஊரின் ஜனங்களில் பெரும்பகுதி அகப்படாது. தரை வரைபடம் முதன்முதலாக வாடகைக்காரரின் கணக்கில் ஊரை எழுதியது.

எழுதுவதற்கு முழங்காலில் உட்கார வேண்டும். எழுபது வயதுக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தெருமுனையைத் தேடினால் பக்கத்தில் நிற்பவர் உதவிக்குக் குனிவார். அந்தக் கடை இந்தப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் என்று தர்க்கம் தொடங்கும். வாய்மொழி வரலாறு எடுக்கத் தனி அறையும் ஒலிப்பதிவுக் கருவியும் பின்னால் வந்தன. ஆனால் நல்ல பேட்டிகளுக்கு விதை விழுந்தது இந்தத் தரைத் தர்க்கங்களில்தான். ஒருவர் தனியாக உட்கார்ந்து நினைவுகூரும்போது எல்லோருக்கும் தெரிந்த கதையைச் சொல்வார். எதிரே மறுத்துப் பேச ஆள் இருந்தால் துல்லியம் வந்துவிடும். ஆய்வு முறையில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு மறுப்பின் மதிப்பை அறிந்த ஆவணக்காரர்கள் குறைவு.

இதில் இழப்பும் உண்டு. காலடி பட்டுப் பட்டு எழுத்து தேயும். மிதிக்காதீர்கள் என்று கயிறு கட்டினால் எழுதவும் முடியாது. பாதுகாப்பு விதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் 1994ஆம் ஆண்டின் சில நூறு பெயர்களோடு அந்த வரைபடம் உறைந்திருக்கும். அருங்காட்சியகத்தார் தேய்மானத்தை ஏற்றுக்கொண்டார்கள். எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்யலாமா என்றால், கூடாது என்பேன். ஓலைச்சுவடியை யாரும் மிதித்துப் பார்க்க வேண்டாம். பொருளின் மதிப்பு அதன் பழைமையில் இருக்கிறதா, பயன்பாட்டில் இருக்கிறதா என்பதைப் பொருளுக்குப் பொருள் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். அப்படிக் கேட்கத் துணிந்த இடங்கள் குறைவு.

கேட்டவர்களில் முன்னோடி வாஷிங்டனில் இருந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967 செப்டம்பரில் நகரின் ஆற்றுக்கு அப்பால், கறுப்பின மக்கள் வாழ்ந்த அனகோஸ்டியா பகுதியில், மூடிக்கிடந்த கார்வர் சினிமாக் கொட்டகையில் ஓர் அக்கம்பக்க அருங்காட்சியகத்தைத் திறந்தது. இயக்குநர் ஜான் கினார்ட் அருங்காட்சியகத் துறையில் பயின்றவர் அல்லர், சமூகப் பணியாளர். மைய நிறுவனத்தின் பொருட்களில் சிலவற்றை ஏழைகள் வீதிக்குக் கொண்டுபோய் வைப்பதுதான் முதல் எண்ணம். ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகள் பேசிய விஷயம் எலி. வீட்டில் எலி, பள்ளிக்குப் போகும் வழியில் எலி. 1969இல் ‘எலி: மனிதன் அழைத்துவந்த தொல்லை’ என்ற கண்காட்சி உயிருள்ள எலிகளோடு திறக்கப்பட்டது. எலியின் வாழ்க்கை, அது பரப்பும் நோய், குப்பை அள்ளாத நகராட்சி எல்லாம் அதில் இருந்தன. ஒரு சேகரிப்பும் இல்லாமல் அருங்காட்சியகம் நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி. அதைவிடவும், பக்கத்துத் தெருவின் இன்றைய சிக்கல் வரலாற்றுப் பொருளாக இருக்கத் தகுதியுடையது என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பெற்றது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அதைப் பார்த்துக் கற்றது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே மாதிரி நெருக்கடியிலிருந்து எழுந்தவை.

2000இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் கட்டடத்தைப் புதுப்பித்து ‘இன்னும் ஆழமாகத் தோண்டுதல்’ என்ற நிரந்தரக் காட்சியைத் திறந்தது. அந்தப் பெயரே ஒரு சுயவிமர்சனம். முதல் ஆறு ஆண்டுகளில் வீதியும் ஊர்வலமும் பண்டிகையும் நிறையக் காட்டியாயிற்று. இனி வீட்டுக்குள் போக வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். ஒரு குடும்பம் படுக்கையும் சமையலும் விருந்தாளியும் படிப்பும் எல்லாவற்றையும் நடத்திய ஒற்றை அறையை நோம்வுயோ இங்செல்வானேயின் நினைவுகளைக் கொண்டு அமைத்தார்கள். அவர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் வளர்ந்த ஆப்பிரிக்கப் பெண். தன் இளமை பற்றி எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது.

அவருடைய அறை ஏன் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும். அரசு ‘கலர்டு’ என்று முத்திரை குத்திய கலப்பு மரபு மக்களே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பெரும்பான்மை. புகழ்பெற்ற படங்களிலும் 1987இல் டேவிட் கிரேமரும் தலீப் பீட்டர்சனும் மேடையேற்றிய இசைநாடகத்திலும் அவர்களுடைய ஊராகவே அது நினைவில் தங்கியிருந்தது. 1901இல் துரத்தப்பட்ட ஆப்பிரிக்கக் குடும்பங்களும், அதற்குப் பிறகும் அங்கே தங்கிவிட்டவையும் பொது நினைவில் மங்கியிருந்தன. தானாக வந்து எழுதுபவர்களை மட்டும் நம்பும் சேகரிப்பின் குறை இங்கே வெளிப்படுகிறது. நினைவுகூரத் தமக்கு உரிமை உண்டு என்ற தைரியம் யாருக்கு இருக்கிறதோ அவர்களே முதலில் வருவார்கள். மற்றவர்களைத் தேடிப் போக வேண்டும். கேப் டவுன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 1990களில் ஹார்ஸ்ட்லி தெருவைத் தோண்டியது இந்தத் தேடலுக்குத் துணை செய்தது. உடைந்த பீங்கானும் கண்ணாடியும் பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் பேச ஆள் மிஞ்சாத காலத்துக்கு அவையே சாட்சி.

ஏக்கமும் இன்னொரு சிக்கல். அறுபதாண்டுக்கு முன் இழந்த தெருவில் திருடன் இருந்ததாக யாரும் சொல்ல விரும்பமாட்டார்கள். 1925இல் அங்கே பிறந்த அலெக்ஸ் லா குமா 1962இல் எழுதிய குறுநாவலில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இருண்டது: ஒழுகும் வாடகை வீடு, கும்பல்கள், காவலரின் துப்பாக்கி. அங்கேயே வளர்ந்த ரிச்சர்ட் ரைவ் 1986இல் எழுதிய நாவலில் சிரிப்பும் பாசமும் கூடுதல். வெளியேற்றம் முடிந்த பிறகு எழுதியது அல்லவா. அருங்காட்சியகத்தின் சொந்த அறங்காவலர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் சிராஜ் ரசூல், இந்த இடம் அருங்காட்சியகம்தானா என்ற கேள்வியை உள்ளிருந்தே எழுப்பிவந்தவர். அவரும் முதல் இயக்குநர் சாண்ட்ரா புரோசலெண்டிஸும் தொகுத்து 2001இல் வெளிவந்த நூலில் இந்த விவாதங்கள் மறைக்காமல் பதிவாகியுள்ளன. தன்னைப் பற்றிய சண்டையைத் தானே அச்சிட்டுவைத்த நிறுவனம் என்ற வகையில் அதற்கு என் மரியாதை உண்டு. என்றாலும் மண்டபத்தில் நிற்கும் பார்வையாளரிடம் அந்தச் சண்டை எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது வேறு விஷயம். துணியில் பூத்தையல் போட்ட வாசகங்களில் ஏக்கம்தான் மேலோங்குகிறது. வேறு எப்படி இருக்கும்?

ஏக்கத்தை ஓரளவு கட்டுக்குள் வைத்த முயற்சி என்று ‘ஹாயிஸ் கொம்பாயிஸ்’ என்ற சமையல் திட்டத்தைச் சொல்வேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் வீட்டுச் சமையலறை என்று பொருள். வயதான பழைய குடிவாசிகள், அநேகமாகப் பெண்கள், கூடி உட்கார்ந்து தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளைத் துணியில் தைத்தார்கள்; சமைத்துப் பகிர்ந்தார்கள்; பேசினார்கள். 2016இல் அது புத்தகமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருவில் விற்ற ‘கூசிஸ்டர்’ இனிப்பு அதில் ஒன்று: சோம்பும் ஏலக்காயும் பட்டையும் இஞ்சியும் சேர்த்துப் புளித்த மாவை எண்ணெயில் பொரித்து, பாகில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டுவது. இன்னொன்று புனித வெள்ளிக்கு ஊறவைத்த மீன், கிறிஸ்தவ வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒருசேரச் செய்தது.

சமையல் குறிப்பில் பொய் சொல்வது கடினம். இவ்வளவு பேருக்கு இவ்வளவு இறைச்சி என்று சொன்னவுடன் வருமானம் தெரிந்துவிடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் வறுமை தெரியும். அடுப்பு யாருடையது, எத்தனை குடும்பம் அதைப் பகிர்ந்தது என்று கேட்டால் நெருக்கடி தெரியும். ‘எங்கள் தெருவில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்’ என்று தொடங்கும் பேட்டியில் கிடைக்காத சமூகப் பொருளாதாரச் செய்தி, பீன்ஸ் குழம்பில் இறைச்சி இல்லாத வாரங்களைப் பற்றிய பேச்சில் கிடைக்கும். கால்பந்துச் சங்கங்களின் நினைவுகளைத் திரட்டிய கண்காட்சிக்கும் இது பொருந்தும்: எந்தச் சங்கத்தில் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்ற பட்டியலைத் தொட்டதும் ஊருக்குள்ளிருந்த சாதி போன்ற படிநிலைகள் வெளியே வரும். உள்ளூர் அருங்காட்சியகம் நடத்துகிறவர்கள் பழைய பாத்திரம் சேர்ப்பதற்கு முன் அதில் என்ன கொதித்தது என்று கேட்டுப் பழக வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11 அன்று பழைய குடிவாசிகள் அருங்காட்சியகத்திலிருந்து நடந்து, வெறும் நிலத்தில் ஹனோவர் தெரு இருந்த இடத்துக்குப் போய்க் கற்குவியலில் ஆளுக்கொரு கல் வைக்கிறார்கள். 2004இல் அதே நாளில் நெல்சன் மண்டேலா முதலில் திரும்பிய இரு முதியவர்களிடம் வீட்டுச் சாவி கொடுத்தார். ஒருவருக்கு வயது 87, மற்றவருக்கு 82. அவர்களின் வயதே தாமதத்தைச் சொல்லிவிடும்.

1994இல் நில உரிமை மீட்புச் சட்டம் வந்தது. பறிபோன நிலத்தைக் கோரி மனுக் கொடுக்க 1998 டிசம்பர் 31 கடைசி நாள் என்று அறிவித்தார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்காக அதற்குள் வந்த கோரிக்கைகள் 2,500க்கு மேல். வாடகைக்காரரும் கோரலாம் என்பது சட்டத்தின் சிறப்பு. கோரிக்கை மனு, கூட்டம், விளக்கம் என்று அந்த ஆண்டுகளில் தேவாலய மண்டபம் கண்காட்சிக் கூடமாகவும் கிராம சபையாகவும் ஒருசேர இயங்கியது. பெயர்ப்பலகைகளுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலம் திரும்பக் கிடைக்குமா என்று வாதிட்டார்கள். பார்வையாளர் யார், பயனாளி யார், காட்சிப்பொருள் யார் என்று பிரிக்க முடியாத நிலை. சிறிய அருங்காட்சியகம் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று உபதேசிப்பவர்கள் இந்த மண்டபத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விலகியிருந்தால் சேகரிப்பே இருந்திருக்காது.

வீடுகள் மட்டும் மெல்லத்தான் எழுந்தன. முதல் சாவிக்குப் பிறகான ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் 139 வீடுகள். கோரிக்கையாளர் பலர் காத்திருந்தே இறந்தார்கள். பலர் பணமாகப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார்கள். 2018இல் கோரிக்கையாளர் குழு ஒன்று நில உரிமை நீதிமன்றத்துக்குப் போய், அரசு கடமை தவறிவிட்டது என்று தீர்ப்பு வாங்கியது. எப்போது, எத்தனை வீடு, என்ன செலவு என்று திட்டம் தாக்கல் செய்யும்படி அமைச்சருக்கு உத்தரவு. 2019 டிசம்பரில் சோனபிளூம் என்ற பெயர் நீங்கி, பகுதிக்கு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பெயர் அரசிதழிலும் திரும்பியது.

அருங்காட்சியகத்தின் பொருளாதாரமோ வீட்டுக்குக் காத்திருந்தவர்களை அல்ல, வெளியாரை நம்பி ஓடியது. அதன் வருமானத்தில் பெரும்பங்கு நுழைவுக் கட்டணம், அதில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பயணிகள். மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்குப் படகேறுவதற்கு முன்னோ பின்னோ ஒரு மணி நேரம். பழைய குடிவாசிகளின் கூட்டத்துக்கான செலவை ஐரோப்பியரின் சீட்டுப்பணம் ஈடுகட்டியது. 2020இல் கொரோனா தொற்றுக்காக எல்லைகள் மூடியதும் இந்த ஏற்பாடு சரிந்து, மூடும் நிலைக்கு வந்து, பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று. சமூக அருங்காட்சியகம் என்று உலகம் கொண்டாடிய ஒன்று அந்தச் சமூகத்தின் பணத்தால் நடக்கவில்லை என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். அந்தச் சமூகத்திடம் பணம் ஏன் இல்லை என்பதற்கு விடை அந்தத் தரையிலேயே இருக்கிறது.

கடைசி நாளுக்குள் மனுக் கொடுக்கத் தவறியவர்களுக்காக 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மறுபடி கதவைத் திறந்தது. 2016 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. மக்களிடம் போதிய கருத்துக் கேட்காமல் அவசரமாக இயற்றியது என்பது காரணம். அந்த இடைவெளியில் மனுக் கொடுத்தவர்கள் பழைய மனுக்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும்; அப்போதும் கொடுக்காத குடும்பத்துக்கு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் சட்டப்படி இன்று இடமில்லை. அவர்களில் பலர் அருங்காட்சியகத்துக்கு வந்து பெயர் எழுதியவர்கள். அரசின் பட்டியலைவிட அருங்காட்சியகத்தின் பட்டியல் நீளம். ஆனால் நீதிமன்றத்தில் முதல் பட்டியல்தான் எடுபடும்.